உப்பு விளம்பிய பையன்

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பந்தி விளம்புவதற்கென்று ஒரு மந்திரிசபை உண்டு. சாம்பார் வாளி, தோள் திரண்ட இளவட்டங்களுக்கு. நெய்ச்செம்பு, கை இறுகிய ஒரு பெரியவருக்கு. அவரை அதற்காகவே பக்கத்து ஊரிலிருந்து வண்டி அனுப்பி வரவழைத்திருப்பார்கள். பாயசம், பெண்ணுக்கு மாமன் முறை வருகிறவர்களுக்கு. மீசை முளைக்காத பயல்களுக்கு மிஞ்சுவது இரண்டே இலாகாக்கள்: தண்ணீர், உப்பு. தண்ணீர் இலாகாவில் ஆபத்து அதிகம். சம்பந்தியின் பட்டுவேட்டியில் ஒரு செம்பு கவிழ்ந்தால் சீர்வரிசைப் பேச்சு முதலிலிருந்து தொடங்கிவிடும். உப்பு சிந்தினால் கூட்டி அள்ளிவிடலாம். அறுபதுகளில் ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றி நடந்த எங்கள் உறவுக் கல்யாணங்களில் உப்பு இலாகா பெரும்பாலும் என்னிடம்தான் இருந்தது.

இலையில் முதலில் விழுவது உப்பு. நுனி இலையின் இடது மூலையில் ஒரு சிட்டிகை. அதற்குப் பிறகுதான் ஊறுகாய், அதற்குப் பிறகுதான் மற்ற எல்லாம். தவசிப்பிள்ளை அடுப்படியிலிருந்தே கத்துவார்: “ஏல, ஒரு எல விடாம வச்சியா? உப்பில்லாத எலையில சாமியே உக்காராது பாத்துக்க.” நான் குனிந்தபடி வரிசையாக வைத்துக்கொண்டே போவேன். சாப்பிட்டு எழுந்த பிறகு இலைகளைப் பார்த்தால், பத்துக்கு எட்டு இலையில் நான் வைத்த உப்பு வைத்த இடத்திலேயே ஈரம் கோத்துக் கிடக்கும். யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். தொடவேண்டிய அவசியம் தவசிப்பிள்ளை சமையலில் என்றைக்குமே வந்ததில்லை.

இப்போது கல்யாண மண்டபங்களில் அந்த உப்பு இல்லை. போன தையில் ஒரு பந்தியில் உட்கார்ந்து, பழைய இலாகாவின் பாசத்தில் மூலையைப் பார்த்தேன், காலி. பரிமாறிய பையன் சீருடையும் கையுறையும் தலையில் வலையும் போட்டிருந்தான். “தம்பி, உப்பு?” என்றேன். “யாரும் கேக்கறதில்ல சார். எல்லாரும் ஹெல்த் கான்ஷியஸ்” என்றான். சொல்லிக்கொண்டே இலையில் கோபி மஞ்சூரியன் வைத்தான். அதன் பின்னால் வெஜிடபிள் பிரியாணி, பனீர் கறி, நெய்ச்சோறு, வற்றல் குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், சின்ன அப்பளம், பெரிய அப்பளம், மூன்று தினுசு ஊறுகாய். உட்காருவதற்கு முன் வாசலில் சூப் வேறு கொடுத்திருந்தார்கள். அதுவரை எத்தனை கிராம் உள்ளே போயிருக்கும் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்துப் பாதியில் நிறுத்தினேன். யாரும் தொடாத அந்த ஒரு சிட்டிகையை மட்டும் ஆரோக்கியத்தின் பேரால் ஒழித்துவிட்டோம்.

உப்பு அன்றைக்கு வாசலுக்கு வரும். ஆறுமுகநேரிப் பக்கத்து அளங்களிலிருந்து மாட்டு வண்டியில் மூட்டை மூட்டையாகக் கல்லுப்பு. வண்டிக்காரர் தெருமுனையில் குரல் கொடுத்தால் ஆச்சிமார் ஓலைப்பெட்டியோடு இறங்குவார்கள். அறுப்புக் காலத்தில் காசு வேண்டாம். நெல்லை அளந்து போட்டால் உப்பை அளந்து போடுவார். சங்கப் பாடல்களில் உமணர்கள் வண்டி கட்டிப் போய்ச் செய்த அதே வியாபாரம், இரண்டாயிரம் வருஷம் கழித்து எங்கள் தெருவில் நடந்துகொண்டிருந்தது என்று பிற்பாடு கல்லூரியில் படித்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் ஆச்சி அளவைக் கண் கொட்டாமல் பார்ப்பாள் என்பதுதான். “தலை கட்டி அளக்கணும் வே” என்பாள். அளந்து முடிந்ததும் கொசுறாக ஒரு கை வாங்காமல் விடமாட்டாள்.

வாங்கிய உப்பு பானைக்குப் போகும். அன்றாடத்துக்கு எடுத்தது அடுப்பு மேடையில் உள்ள மர மரவைக்கு. அந்த உப்புக்கு வீட்டில் இருந்த மரியாதை எனக்கு இருந்ததில்லை. விளக்கு வைத்த பிறகு உப்பைக் கடன் கொடுக்கக் கூடாது. காலில் மிதிபடக் கூடாது. புதுவீட்டுக்குள் முதலில் போவது உப்பும் மஞ்சளும். எவனாவது என்னைப் பார்த்து “பையன் தெளிஞ்சுட்டானே” என்று சொல்லிவிட்டால், அன்று சாயங்காலமே உப்பும் மிளகாயும் தலையைச் சுற்றி அடுப்பில் வெடிக்கும். சுரணை இல்லாதவனைத் திட்டுவதற்குக்கூட உப்புதான்: “சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கே?” எவ்வளவு போட்டு என்று யாரும் கேட்டதில்லை.

பந்தியில் விளம்புவதற்கு முன்பே எனக்கு வீட்டில் இன்னொரு உத்தியோகம் இருந்தது. குழம்பு கொதிக்கும்போது ஆச்சி கூப்பிடுவாள். “எய்யா, உப்புப் பாரு.” ஆச்சிக்குச் சமைக்கும்போது எச்சில் படக்கூடாது என்று நியமம்; ஆகவே என் உள்ளங்கையில் சூடாக ஒரு சொட்டு விழும். நக்கிவிட்டு “கொஞ்சம் போடலாம் ஆச்சி” என்பேன். சரியாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். பார்த்தவன் ஏதாவது அபிப்பிராயம் சொல்ல வேண்டாமா? அவளும் ஒரு கை போடுவாள். உப்பு குறைந்தால் அது ஆச்சியின் கைக்கு இழுக்கு; கூடினால் உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டோ, தேங்காய்ப் பால் விட்டோ சமாளித்துக்கொள்ளலாம். ஆகவே எல்லா வீட்டிலும் ஒரு கை கூடுதலாகவே இருந்தது. வள்ளுவர் ஊடலுக்கு உப்பை உவமை சொல்லி, கொஞ்சம் மிகுந்தாலும் கெடும் என்றார். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் அதை ஏற்றுக்கொண்ட தமிழர்கள் குழம்பு விஷயத்தில் கண்டுகொள்ளவில்லை.

‘அந்தக் காலத்துச் சாப்பாடு’ என்று இன்று மேடை போட்டுப் பேசுகிறவர்களுக்காக என் தாத்தாவின் ஒருநாள் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். விடிந்ததும் பழையசோறு. நீத்தண்ணியில் கை நிறைய உப்பைப் போட்டுக் கரைத்து, ஒரு செம்பு. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மோர் மிளகாயோ, உப்பில் வருஷம் முழுக்க ஊறிக் கறுத்த நார்த்தங்காயோ. மத்தியானம் குழம்பு, ரசம், மோர். மூன்றுக்கும் தனித்தனியே அப்பளம், சுண்ட வற்றல், கூழ் வற்றல். அமாவாசை, கார்த்திகை நீங்கலாக ராத்திரிக்குப் பெரும்பாலும் கருவாடு. இதற்கு மேல் மோர்ச்சோற்றில் கடைசியாக இரண்டு கல் உப்பு, பல்லில் கடிபட வேண்டும் அவருக்கு.

வெயிலில் உழைத்தவர்களுக்கு வியர்வையில் போய்விடும், அவர்களுக்கு உப்பு தேவைதான் என்று சொல்வார்கள். உழைத்தவர்களுக்கு அது கொஞ்சம் பொருந்தும். உழவும் நடவும் நாள் முழுக்க வியர்வையைப் பிழிந்தெடுக்கும். ஆனால் தாத்தா வியர்த்ததெல்லாம் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றதற்குத்தான். மீதி நேரம் திண்ணை.

ஒரு நாள் அந்தத் திண்ணையிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, வலது கை விழுந்துவிட்டது. அறுபத்திரண்டு வயது. ஊர் கூடிக் காரணம் கண்டுபிடித்தது. முந்தின நாள் உச்சி வேளையில் உடங்காட்டு வழியே வந்தாராம், காற்று அடித்துவிட்டது. திருநீறு போட்டார்கள், வேப்பிலை அடித்தார்கள், எண்ணெய் தடவினார்கள். பக்கவாத எண்ணெய் காய்ச்சுகிறவர் ஒருவர் வந்து பத்தியம் சொன்னார்: புளி ஆகாது, வாயு ஆகாது. உப்பைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அதற்கப்புறம் தாத்தா இடது கையால் சாப்பிடப் பழகினார். மோர்ச்சோற்றில் இரண்டு கல் உப்பை ஆச்சியே எடுத்துப் போட்டாள். அடுத்த காற்று அடிப்பதற்கு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, குழலை வைத்துக் கேட்டு இரத்த அழுத்தம் பார்க்கும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரொட்கோவ் 1905இல் சொல்லிவிட்டார். அறுபது வருஷம் கழித்தும் அது எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. உடங்காட்டுப் பேய்தான் முதலில் வந்து சேர்ந்திருந்தது. ‘எங்க தாத்தா காலத்துல பி.பி.யாவது, மண்ணாவது’ என்று இன்று யாராவது மார்தட்டினால் எனக்குச் சிரிப்பு வரும். பி.பி. இருந்தது. பார்க்கிற கருவிதான் இல்லை.

உப்பின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். அது இரத்தத்தில் கூடினால், கரைத்து வைத்துக்கொள்ள உடம்பு தண்ணீரைத் தேடும். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற பழமொழி இதுவரைக்கும் சரியாகவே சொல்கிறது. குடித்த தண்ணீர் அதன்பின் எங்கே போகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. அது இரத்தக் குழாய்க்குள் நிற்கிறது. அதே குழாயில் கூடுதல் சரக்கு ஓடுவதால் சுவரில் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகங்கள் உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ள இரவு பகலாகப் பாடுபடுகின்றன. வருஷக்கணக்கில் இப்படியே போனால் சுவர் தடித்து விறைக்கிறது, இதயத்தின் இடது கீழறை பருக்கிறது, சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதாகின்றன, மூளைக்குள் ஓடும் ஒரு மெல்லிய குழாய் ஒருநாள் அடைத்துக்கொள்கிறது அல்லது வெடிக்கிறது. இத்தனையும் நடக்கும்போது பெரும்பாலானவர்களுக்கு ஒரு வலியும் இருக்காது. திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கலாம்.

வயதானால் அழுத்தம் ஏறத்தான் செய்யும், அதற்கு உப்பு என்ன பண்ணும் என்று கேட்பவர்கள் உண்டு. 1988இல் ‘இன்டர்சால்ட்’ என்ற ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களில் மக்களின் சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தது. அமேசான் காட்டின் யானோமாமி மக்கள் உணவில் உப்பு சேர்ப்பதே இல்லை. அவர்களுடைய இரத்த அழுத்தம் சராசரியாக 100க்கும் கீழே. வயது கூடினாலும் அது ஏறவில்லை. எதிர்ப்பக்கத்துக்கு ஜப்பானின் அகிதா மாகாணம். 1950களில் அங்கே ஓர் ஆள் நாளொன்றுக்கு 20 கிராமுக்கு மேல் உப்பு தின்றார். ஊறுகாய்க் காய்கறி, உப்புக்கண்ட மீன், மிசோ. பக்கவாதத்தில் ஜப்பானுக்கே பேர்போன வட்டாரமாக அது இருந்தது. தாத்தா அங்கே பிறந்திருந்தால் அந்நியமாக உணர்ந்திருக்க மாட்டார்.

உப்புக்கும் நம் அரசாங்கங்களுக்கும் உள்ள உறவு தனி வேடிக்கை. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு பேர் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்றார் தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன். ஜனங்கள் பொட்டலம் கட்டி மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். 30ஆம் தேதி ராஜாஜி உப்பை அள்ளிக் கைதானார். அன்று சர்க்கார் ‘உப்பெடுக்காதே’ என்றது, நாம் கேட்கவில்லை. இன்று சர்க்கார் ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் ‘உப்பெடுக்காதே’ என்று எழுதி வைக்கிறது, இன்றும் கேட்கவில்லை. முன்னது தியாகம். பின்னதை என்னவென்று சொல்வது? தண்டிக்கு நடந்த காந்தியோ, தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபா நோயுற்றிருந்தபோது உப்பையும் பருப்பையும் விடச் சொல்லி, “உங்களால் முடியுமா?” என்று அவர் திருப்பிக் கேட்டதும், அங்கேயே ஒரு வருஷத்துக்கு இரண்டையும் விட்டவர். உப்பின் மேலுள்ள வரியை எதிர்க்க உப்பைத் தின்றாக வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

ஆச்சியின் மரவை இப்போது என் வீட்டில் ஷோகேஸில் இருக்கிறது, சாவிக் கொத்து போட்டு வைக்க. உப்பு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வருகிறது. 1983இல் டாடா உப்பு பாக்கெட்டில் வந்தபோது, ‘கட்டிபடாத உப்பும் ஒரு உப்பா’ என்று அம்மா சந்தேகப்பட்டாள். அயோடின் சேர்த்த உப்பைச் சர்க்கார் வற்புறுத்தியதில் நியாயம் இருந்தது. கழுத்துக் கழலை ஒருகாலத்தில் நாட்டின் பல பகுதிகளில் சாதாரணக் காட்சி. 2006 முதல் சாப்பாட்டுக்கு அயோடின் சேராத உப்பை விற்கவும் தடை வந்தது. அதுவரை சரி. அதன் பிறகு அந்த அலமாரியில் நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கல்லுப்பு, தூளுப்பு, இந்துப்பு, கறுப்பு உப்பு, ‘கைவினைக் கடலுப்பு’. ஆச்சி ஒரு படி நெல்லுக்கு வாங்கியதுதான் கண்ணாடிக் குப்பியில் மரமூடி போட்டு நிற்கிறது. விலையைப் பார்த்தால் இப்போதும் ஒரு மூட்டை நெல் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இளஞ்சிவப்பு இந்துப்புக்கு மாறினார். பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டியெடுப்பதுதான் அந்த வகையில் பேர்பெற்றது. “இதுல எண்பதுக்கு மேல தாதுக்கள் இருக்கு சார், இது மருந்து” என்று கட்டை விரலை உயர்த்தினார். இருக்கலாம். அதன் எடையில் ஏறக்குறைய 98 சதவீதம் சோடியம் குளோரைடு, நிறம் கொஞ்சம் இரும்பால் வந்தது; எண்பது தாதுக்களும் மிச்சமுள்ள இரண்டு சதவீதத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார வேண்டும். போதாக்குறைக்குப் பெரும்பாலும் அயோடினும் கிடையாது. மருந்துதானே என்று அவர் தயிரில், பழத்தில், எலுமிச்சைச் சாற்றில் எல்லாம் தூவிக்கொண்டார். அடுத்த பரிசோதனையில் டாக்டர் அவருக்கு மாத்திரையைக் கூட்டினார். அவர் டாக்டரை மாற்றினார்.

என் மகன் பெங்களூரிலிருந்து வரும்போதெல்லாம் என் உப்பைக் காவல் காக்கிறான். வந்ததும் முதல் வேலை ஊறுகாய் ஜாடியை மேல்தட்டுக்கு ஏற்றுவது. “அப்பா, அஞ்சு கிராம்தான் ஒரு நாளைக்கு. ஒரு டீஸ்பூன்.” உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான், 5 கிராமுக்குள், உலகத்தார் சராசரியாக 10.8 கிராம் தின்கிறோம், இந்தியாவில் எடுத்த கணக்குகள் 8 முதல் 11 வரை சொல்கின்றன. அளவுக்கு மீறிய சோடியத்தோடு தொடர்புள்ள மரணங்கள் உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 லட்சம் என்பதும் அதே நிறுவனத்தின் மதிப்பீடு. இவற்றையெல்லாம் எனக்கு ஒப்பித்துவிட்டு, ராத்திரி ‘லைட்டா’ சாப்பிடுவதாகச் சொல்லி மகன் ஒரு பாக்கெட் நூடுல்ஸும் ஒரு பாக்கெட் சூப்பும் கிண்டினான். அந்த உறைகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ‘உப்பு’ என்று எங்கும் பெரிதாக இல்லை. ‘சோடியம், மில்லிகிராம்’ என்று எறும்பு எழுத்தில் இருந்தது. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 1,000 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் இரண்டரை கிராம் உப்பு. ஒரு நாள் ரேஷனில் பாதி. அதுவும் 100 கிராமுக்கா, ஒரு ‘பரிமாறலுக்கா’ என்று பார்க்க வேண்டும். கம்பெனிக்காரர்களின் ஒரு பரிமாறல், எங்கள் ஊரில் காக்கைக்கு வைக்கிற அளவு.

நாக்கு எல்லா உப்பையும் கண்டுபிடிக்கும் என்பதும் இல்லை. ரொட்டியில் இருக்கிறது, தித்திப்பு பிஸ்கட்டில் இருக்கிறது; சர்க்கரை அதை மறைத்துவிடுகிறது. ஆப்ப சோடா சோடியம்தான், அப்பளக்காரமும் சோடியம்தான்.

டாக்டரிடம் போனால் ஒரு மந்திரம் சொல்வார்: ‘அப்பளம், ஊறுகாய், கருவாடு.’ தமிழ்நாட்டில் எந்த மூலையில் எந்த டாக்டரைப் பார்த்தாலும் இந்த மூன்றும் இதே வரிசையில் வரும். நோயாளிகளும் மனப்பாடமாகத் திருப்பிச் சொல்வார்கள். “அப்பளம், ஊறுகாய், கருவாடு மூணையும் விட்டுட்டேன் டாக்டர், ஆனா பி.பி. எறங்கலையே?” நான் போகிற ஒரு ஆஸ்பத்திரியில் உப்பைக் குறைக்கச் சொல்லும் விளம்பரப் பலகை மாட்டியிருக்கிறார்கள். அதன் கீழேயே கேன்டீன் கதவு. உள்ளே மெதுவடையும் சாம்பாரும்.

அந்த மந்திரத்தில் இல்லாத காலைப் பலகாரத்தை எடுத்துக்கொள்வோம். இட்லி மாவில் உப்பு போட்டுக் கரைத்தாயிற்று. சாம்பாரில் உப்பு. தேங்காய்ச் சட்னியில் உப்பு, தக்காளிச் சட்னியில் உப்பு, மிளகாய்ப் பொடியில் உப்பு. ஒவ்வொன்றும் தனியாகச் சாப்பிட்டாலும் ‘உப்பு பிடிக்க வேண்டும்’ என்று தனித்தனியே ருசி பார்த்துப் போட்டது. பிறகு ஐந்தும் ஒரே தட்டில் வந்து சேர்கின்றன. இட்லியில் உப்பு சரியாக இருந்தால் சாம்பாரில் பாதி போதும் என்று எந்தச் சமையல் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மத்தியானச் சோற்றை வடிக்கும்போது உலைத்தண்ணீரில் உப்பு போடுகிற வீடுகள் உண்டு. அதன்மேல் ஊற்றுகிற குழம்பு, ரசம், கூட்டு மூன்றுமே ஏற்கெனவே உப்பு போட்டுக்கொண்டு வந்தவை. வெள்ளைக்காரர்கள் நாட்டில் பெரும்பகுதி உப்பு தொழிற்சாலைச் சாப்பாட்டிலிருந்து வருகிறது. நம் ஊரில் பெரும்பகுதி நம் வீட்டு அடுப்பிலிருந்து, நம் கையாலேயே வருகிறது. நூடுல்ஸ் பாக்கெட் அதற்கு மேல் புதிதாக வந்த வரவு. ஊறுகாயை மேல்தட்டில் ஏற்றிவிட்டுக் குழம்புச் சட்டியைத் தொடாமல் விடுவது, இலை மூலை உப்பை ஒழித்துவிட்டு மஞ்சூரியன் போட்ட அந்தப் பந்தியின் கணக்குதான்.

வாசலில் வருகிறவர்களும் மாறிவிட்டார்கள். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கினார்கள் அல்லவா? எங்கள் பூர்வீக வீட்டில் இப்போது இருக்கும் சித்தி மகன் அதைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு விசித்திரமாக இருந்தது. உப்பு வண்டி நின்ற அதே தெருமுனையில் ஒரு பெண் தோள்பையோடு வருகிறாள். “அண்ணாச்சி, கையை நீட்டுங்க.” பட்டையைச் சுற்றுகிறாள், கருவி சத்தம் போடுகிறது, எண்ணைச் சொல்கிறாள். “நூத்தி அறுவது இருக்கு அண்ணாச்சி. மாத்திரையை ஒளுங்கா போடுதியளா?” “போடுதேன் தாயி.” “உப்பு?” “உப்பெல்லாம் தொடுததே இல்ல. அப்பளம், ஊறுகா, கருவாடு எல்லாத்தையும் விட்டாச்சு.” அடுப்படியிலிருந்து மதினி குரல் வரும்: “நேத்து ராத்திரி சாளைக் கருவாடு தின்னது ஆரு, உங்க அய்யாவா?” மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் அடுத்த வீட்டுக்குப் போகிறாள். அண்ணாச்சியை நான் கேலி செய்தாலும், தாத்தா வீட்டு வாசலுக்கு அப்படி ஒரு பெண் வந்திருந்தால் உடங்காட்டின் மேல் பழி விழுந்திருக்காது.

பொட்டாசியம் கலந்த உப்பு ஒன்றும் இப்போது கடைகளில் இருக்கிறது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை ஏறத்தாழ ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். பாதி ஊர்களுக்கு வழக்கமான உப்பு; மீதி ஊர்களுக்குக் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்தது. கலந்த உப்பு தின்ற ஊர்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது; 2021இல் முடிவு வந்தது. ஒரு கிராமத்துக் கிழவரும் குழம்பை விட்டுக்கொடுக்கவில்லை, உப்பை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களும், இரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரைகள் எடுப்பவர்களும் இதைத் தொடக்கூடாது. பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். உப்பைக் குறைத்துவிட்டோமே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

நாக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அது சில வாரங்கள் முரண்டு பிடிக்கும். பிறகு பழகிவிடும், முன்பு தின்ற குழம்பே கரிக்கத் தொடங்கும். அந்த வாரங்களில் எலுமிச்சையும் மிளகும் கைகொடுக்கும். உலைத்தண்ணீர் உப்பையும் சப்பாத்தி மாவு உப்பையும் முதலில் நிறுத்துங்கள். வீட்டில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கண்டுபிடித்தாலும் பழியை அரிசியின் மேல் போட்டுவிடலாம்.

உங்களிடம் ஒரு வேலை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த உப்புப் பாக்கெட்டை உடைக்கும்போது அதன்மேல் பேனாவால் தேதியைப் போடுங்கள். ஆளுக்கு 5 கிராம் என்றால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். வெளியே தின்னும் மஞ்சூரியனும் நூடுல்ஸும் இந்தக் கணக்கில் சேரவில்லை.